தினையைத் தவிர எதையும் தொடாத லவ் பேர்ட்ஸ்: உணவை மாற்றும்போது செய்யக்கூடாதவை

நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜெரிகர்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. வெறும் தினையிலேயே வளர்ந்தால் அதற்கு வைட்டமின் ஏ-யும் கால்சியமும் போதாமல் போகும். கொழுப்பு ஏறி ஈரலும் கெடும். இது தெரியவந்ததும் பலர் மறுநாளே தினைக் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கீரையை வைக்கிறார்கள். பசித்தால் தானாகத் தின்னும் என்று நினைப்பு.

இதைவிடப் பெரிய தவறு இல்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது மனிதருக்குச் சரி. 30, 40 கிராம் எடையுள்ள இந்தப் பறவைக்குக் கீரை ஓர் உணவு என்பதே தெரியாது. அதன் எதிரிலேயே பட்டினி கிடக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தினை வைத்திருந்தாலும் ஏமாற வாய்ப்புண்டு. பட்ஜெரிகர் ஒவ்வொரு மணியையும் அலகால் உரித்து, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்க்கக் கிண்ணம் நிறைந்தே இருக்கும். ஒருமுறை ஊதிப் பாருங்கள். உமி பறந்தபின் அடியில் நாலு மணிகூட இல்லாமல் இருக்கலாம். உணவை மாற்றும் காலம் முழுவதும் காலையில் பறவையை டிஜிட்டல் தராசில் நிறுத்துவிடுவது நல்லது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, எச்சம் குறைந்து கரும்பச்சையானாலோ, உடனே பழைய உணவுக்குத் திரும்ப வேண்டும்.

புது உணவைக் கூண்டின் மூலையில் போட்டுவிட்டு, 'தின்னவில்லை' என்று அலுத்துக்கொள்வதிலும் பயனில்லை. முருங்கைக்கீரையை ஈர்க்கோடு கழுவி, நீர் சொட்டச் சொட்ட, பறவை உட்காரும் குச்சிக்கு அருகே கட்டுங்கள். முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று முறைக்கும். பிறகு ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்க வரும். அந்தச் சாக்கில் ஓரத்தைக் கொறிக்கும். தரையில் மேய்ந்து பழகிய இனம் என்பதால், துருவிய கேரட்டில் தினையைப் பிசிறித் தட்டையான தட்டில் வைத்தாலும் கிளறிப் பார்க்கும். நாலு நாள் முயன்றுவிட்டுக் கைவிடாதீர்கள். வாரக்கணக்கில், சில பறவைகளுக்கு மாதக்கணக்கில்கூட ஆகும்.

தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்து கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவை மாறினால் பறவை தண்ணீரையே குறைத்துவிடும். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை (கணவாய் ஓடு) ஒன்றைக் கூண்டில் செருகினால் போதும். சூரியகாந்தி விதை எப்போதாவது ஒன்றிரண்டு தரலாம். அவகாடோ, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது. முளைகட்டிய பயறு நல்லதுதான். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கூண்டில் விடாதீர்கள், புளித்துவிடும்.

நன்றாகத் தின்றுகொண்டிருந்த பறவை திடீரென்று உணவை மறுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது அடமல்ல, நோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.