சேற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: கழிவுநீர் நிலையத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சிறிய ஊர்களின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள், ஆரம்பத்தில் நாங்களெல்லாம் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். சல்லடையில் சேரும் குப்பையை அள்ளுவது, மோட்டாருக்கு எண்ணெய் பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயந்துபோய்ச் சேற்றை வெளியேற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். காற்றூட்டும் தொட்டியில் சுழலும் அந்தப் பழுப்புச் சேற்றில்தான் அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தின்று பெருகிய சேறு அடுத்துள்ள படிவுத் தொட்டியின் அடியில் தங்கும், தெளிந்த நீர் மேலே வழிந்து போகும். தங்கியதில் பெரும்பகுதியை பம்ப் மறுபடி காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்பும். கூடுதலாக வளர்ந்ததை மட்டும் வெளியேற்றினால் போதும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் காட்டியது இதைத்தான்: சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதிலேயே புதுக் கழிவுநீரை விட்டுக் காற்றடித்தால் வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது.

ஒரு நிலையத்தில் புதிதாக வந்த தம்பி, தொட்டியின் சேற்று நீரை லிட்டர் குடுவையில் அசையாமல் வைத்து, சேறு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் படிவுச் சோதனை செய்தார். அரை மணி நேரம் கழித்தும் சேறு 900 மில்லி கோட்டிலேயே நின்றது. படிவுத் தொட்டியிலும் கட்டி கட்டியாகச் சேறு மிதந்தது. “சேறு அதிகமாயிடுச்சு” என்று முடிவு கட்டி, வெளியேற்றும் பம்பை ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டார். காலையில் தொட்டி வெளிறிக் கிடந்தது, மேலே சோப்பு நுரை மாதிரி வெள்ளை நுரை. அப்புறம் வெளியேறும் நீரில் அம்மோனியா ஏறியது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. ஒரு ராத்திரியில் தொலைத்ததை மீட்க வாரக்கணக்கில் ஆனது.

அன்றைக்கு இன்னொரு குடுவை எடுத்திருந்தால் போதும். பாதிக்குச் சேற்று நீர், பாதிக்குத் தெளிந்த வெளியேறு நீர் கலந்து வையுங்கள். அது மளமளவென்று இறங்கினால் சேறு அடர்ந்திருக்கிறது, கொஞ்சம் குறைக்கலாம். அதுவும் இறங்காமல் நின்றால், நூல் போல நீண்டு வளர்ந்து சேற்றைப் படியவிடாத இழை பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். ஆக்ஸிஜன் போதவில்லையா, சத்துக் குறைவா என்று தேடுங்கள்.

மிதக்கும் கட்டிகளின் கதை வேறு. அடியில் அதிக நேரம் கிடக்கும் சேற்றில் நைட்ரேட் சிதைந்து, நைட்ரஜன் குமிழ்கள் அதை மேலே தூக்கிவிடும். ஒரு கம்பால் கட்டியைத் தட்டினால் குமிழ் விட்டு மூழ்கும். சேற்றைத் திருப்பி அனுப்பும் பம்பைக் கூட்டி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிறிய நிலையங்களில் சேற்றின் வயது, அதாவது வெளியேறும் முன் அது நிலையத்துக்குள் தங்கும் சராசரிக் காலம், பொதுவாக 20 முதல் 30 நாள். 20 நாள் என்றால், மொத்தச் சேற்றில் இருபதில் ஒரு பங்குதான் தினமும் வெளியே போக வேண்டும். அந்த அளவையும் நேற்றையதிலிருந்து 10–15 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றினால் பொறுத்திருங்கள், பலன் மறுநாளே தெரியாது.

கரண்டை மிச்சம் பிடிக்க ராத்திரி ப்ளோயரை (தொட்டிக்குக் காற்றடிக்கும் இயந்திரம்) நிறுத்துவது

வேண்டாம்.

ஆக்ஸிஜனை ஒரே இடத்தில் அளப்பது

காற்றூட்டும் தொட்டி நீரில் கரைந்த ஆக்ஸிஜன், ப்ளோயர் பக்கத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும், மூலையில் ஒன்றுமே இருக்காது. நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பது போலப் பெரிய குமிழ்கள் வந்தால், கீழே காற்றைச் சிறு குமிழ்களாகப் பிரித்து விடும் டிஃப்யூசர் கிழிந்திருக்கும்.

நுரைக்குக் குளோரின் கொட்டுவது

நுரையோடு பாக்டீரியாவும் சாகும்.

குழிக்குள் தனியாக இறங்குவது

கழிவுநீர்க் குழியில் தேங்கும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாற்றம் போய்விட்டது’ என்று நினைத்து இறங்குகிறவர்கள் உயிரை விடுவது இப்படித்தான். வாயுமானியைக் கயிற்றில் கட்டி முதலில் உள்ளே இறக்குங்கள். மேலே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தாலும், மூச்சுக்கருவி இல்லாமல் மேலே நிற்பவர் இறங்கவே கூடாது.