சாலிட்டி வைரஸ்: சி டிரைவை ஃபார்மேட் போட்டாலும் ஏன் திரும்பி வருகிறது, எப்படி முழுசாக எடுப்பது

சாலிட்டி வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்தால் சி டிரைவை ஃபார்மேட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றித் தருவார்கள். கொஞ்ச நாளில் டாஸ்க் மேனேஜர் மறுபடி திறக்காது. காரணம் எளிது. சாலிட்டி விண்டோஸில் குடியிருப்பதில்லை, உங்கள் எக்ஸி ஃபைல்களுக்குள், அதாவது புரோகிராம் ஃபைல்களுக்குள், குடியிருக்கிறது. டி டிரைவில் "சாஃப்ட்வேர்ஸ்" என்ற ஃபோல்டரில் பத்து வருஷமாகக் கிடக்கும் பிரிண்டர் செட்டப் ஒன்றை டபுள் கிளிக் செய்தாலே போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இது 2003இல் முதலில் தென்பட்ட வைரஸ். பிறகு பல வடிவங்கள் வந்தன. எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஓடும் பில்லிங் பிசிகளிலும், லேப் கருவிகளோடு இணைத்த பிசிகளிலும், பழைய பேக்கப் டிஸ்க்குகளிலும் இன்றும் அகப்படும்.

ஃபைலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் சுத்தம் செய்யும் முறை புரியும். 32-பிட் எக்ஸி, எஸ்சிஆர் (ஸ்கிரீன்சேவர்) ஃபைல்களின் கடைசிப் பகுதியை நீட்டி, தன் உடலை என்கிரிப்ட் செய்து அங்கே வைக்கிறது. ஒவ்வொரு ஃபைலிலும் என்கிரிப்ஷன் வேறு மாதிரி இருப்பதால் ஒரே அடையாளத்தை வைத்துத் தேடிப் பிடிக்க முடியாது. புரோகிராம் தொடங்கும் இடத்தில் உள்ள சில பைட்டுகளை எடுத்துத் தன் உடலுக்குள் பத்திரப்படுத்திவிட்டு, அங்கே தன்னிடம் தாவச் சொல்லும் கட்டளையை எழுதுகிறது. புரோகிராமைத் திறந்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு பழைய பைட்டுகளைப் போட்டு அசல் புரோகிராமை ஓடவிடும். அதனால் பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நமக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: அசல் பைட்டுகள் அழியவில்லை. நல்ல ஆன்டிவைரஸ் அவற்றை எடுத்துத் திரும்ப வைத்து, வாலை வெட்டிவிடும்.

அறிகுறிகள்: டாஸ்க் மேனேஜரும், விண்டோஸின் உள் செட்டிங்குகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் "அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்திருக்கிறார்" என்று சொல்லும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னாலும் காட்டாது. ஆன்டிவைரஸ் தானாக மூடிக்கொள்ளும், அந்த நிறுவனங்களின் தளங்களும் திறக்காது. சேஃப் மோடுக்குப் போனால் நீலத்திரை வரும், ஏனென்றால் அதற்கான சேஃப்பூட் ரெஜிஸ்ட்ரி கீயை வைரஸ் அழித்திருக்கும். விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம்.ஐஎன்ஐயை நோட்பேடில் திறந்தால், "எம்சிஐடிஆர்வி_வெர்" என்ற தலைப்பில் ஒரு பகுதி இருக்கலாம். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல செட்டப் ஃபைல் திடீரென்று "இன்டெக்ரிட்டி செக் ஃபெயில்டு" என்று நின்றாலும், டிஜிட்டல் சிக்னேச்சர் செல்லாது என்று காட்டினாலும் அந்த ஃபைலை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

எடுக்கும் முறை

முதல் வேலை நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது. ஷேர் செய்த ஃபோல்டர் வழியாகவும் இது பரவும், அதனால் ஒரே நெட்வொர்க்கில் உள்ள எல்லாப் பிசிகளையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றவை வீண்.

அந்தப் பிசியில் விண்டோஸ் ஓடும்போது பென்டிரைவ் செருகாதீர்கள். செருகியதும் புரோகிராமைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோரன்.ஐஎன்எஃப்பும் அதோடு ஒரு மறைந்த ஃபைலும் உடனே ஏறிவிடும். கிளீனிங் டூலைக் காப்பி செய்து எடுத்துப் போனால் அந்த டூலுக்கே வைரஸ் பிடிக்கும். பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே ஹார்டு டிஸ்க்கில் உள்ள விண்டோஸை எழுப்பாமல் வெளியிலிருந்து பூட் செய்வதுதான் சரியான வழி. சுத்தமான வேறொரு பிசியில் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் அல்லது டாக்டர் வெப் லைவ்டிஸ்க்கின் ஐஎஸ்ஓவை (டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பது) இறக்கி டிவிடியில் எழுதுங்கள். பென்டிரைவில் எழுதினால், வேலை முடிந்ததும் விண்டோஸ் எழுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். பிசி மிகப் பழசாக இருந்து ரெஸ்க்யூ டிஸ்க் ஏறாவிட்டால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, ஆட்டோரன் அணைத்த சுத்தமான பிசியில் ஸ்கேன் செய்யலாம். அதில் உள்ள எதையும் டபுள் கிளிக் செய்யக் கூடாது. லினக்ஸில் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது கண்டுபிடிக்கும், ஃபைலைக் குணமாக்காது.

ஸ்கேனுக்கு முன் முழு டிஸ்க்கையும் குளோன்சில்லா என்ற டூலில் இமேஜ், அதாவது அப்படியே பிரதி, எடுங்கள். இடமில்லை என்றால் டாக்குமென்ட், படங்கள், டேட்டா ஃபைல்களையாவது எடுத்து வையுங்கள். எக்ஸி ஒன்றுகூட அதில் வேண்டாம்.

பிறகு வைரஸ் டேட்டாபேஸை அப்டேட் செய்து (ரெஸ்க்யூ டிஸ்க்கில் இருக்கும்போது விண்டோஸ் ஓடாததால் இதற்கு மட்டும் கேபிளை மாட்டலாம்), எல்லாப் பார்ட்டிஷனையும் தேர்ந்தெடுத்து ஸ்கேன் ஓட்டுங்கள். கேட்கும்போது "டிலீட்" அல்ல, "டிஸ்இன்ஃபெக்ட்" அல்லது "கியூர்" கொடுங்கள். டிலீட் கொடுத்தால் வைரஸோடு சேர்ந்து உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரும் போகும், பழைய சாஃப்ட்வேர் என்றால் அதன் சிடியும் கிடைக்காது. முடிந்ததும் மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே ஃபைலில் இரண்டு வைரஸ் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கலாம். மேலே உள்ளதை உரித்த பிறகுதான் அடியில் உள்ளது தெரியும். எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை விடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா பென்டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கும் இதே வைத்தியம்தான்.

ஸ்கேன் அறிக்கையில் "விருட்" என்ற வேறொரு வைரஸின் பெயர் வந்தால் கதையே வேறு. விருட் பல ஃபைல்களை ஒழுங்காக எழுதாமல் கெடுத்துவிடும், அசலைத் திரும்ப எடுக்க வழி இருக்காது. அங்கே கியூர் செய்து நேரத்தை வீணாக்காமல், டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துப் புதிதாக ஏற்றுவதே மேல்.

சுத்தமான பிறகு

வைரஸ் போனாலும் அது மாற்றிய செட்டிங்குகள் தானாகத் திரும்பாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரே பூட்டியிருந்தால், எக்ஸ்பி புரொஃபஷனல் அல்லது விண்டோஸ் 7 புரொஃபஷனலில் குரூப் பாலிசியில் திறக்கலாம். ஹோம் எடிஷனில் அது கிடையாது, கமாண்ட் பிராம்ப்ட்டில் ரெஜ் கமாண்டால் "டிசேபிள்ரெஜிஸ்ட்ரிடூல்ஸ்", "டிசேபிள்டாஸ்க்எம்ஜிஆர்" இரண்டையும் நீக்கிப் பார்க்கலாம், சில சமயம் அந்தக் கமாண்டும் பூட்டியிருக்கலாம். சேஃப்பூட் கீயை அதே விண்டோஸ், அதே சர்வீஸ் பேக் உள்ள இன்னொரு பிசியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து இங்கே இம்போர்ட் செய்யுங்கள். வேறு பதிப்பிலிருந்து எடுத்தால் சேஃப் மோட் சரியாக வராது. சிஸ்டம்.ஐஎன்ஐயில் அந்தப் பகுதியை மட்டும் அழித்துச் சேமியுங்கள். ஃபயர்வாலையும் பாருங்கள், அணைந்திருக்கும்.

விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரெஸ்டோரை ஒருமுறை அணைத்துப் பிறகு இயக்குங்கள். பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுகளில் வைரஸ் பிடித்த பிரதிகள் இருக்கும். குணமான பிறகும் சில புரோகிராம்கள் திறக்காது, ஏனென்றால் தங்கள் ஃபைலைத் தாங்களே சரிபார்க்கும் புரோகிராம்களுக்கு ஒரு பைட் மாறினாலும் ஆகாது. அவற்றை அசல் சிடியிலிருந்து மறுபடி போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எக்ஸ்பியில் 2011 பிப்ரவரியில் வந்த ஆட்டோரன் அப்டேட் இல்லையென்றால் போடுங்கள், அல்லது "நோடிரைவ்டைப்ஆட்டோரன்" மதிப்பை 255 ஆக்குங்கள், எந்த டிரைவிலும் எதுவும் தானாக ஓடாது. விண்டோஸ் 7இல் பென்டிரைவுக்கு இது ஏற்கெனவே அணைக்கப்பட்டிருக்கிறது. சாலிட்டி வேறு வைரஸ்களையும் இறக்கி ஓட்டும் பழக்கம் உள்ளது, அவற்றில் பாஸ்வேர்டு திருடுபவையும் உண்டு. அதனால் அந்தப் பிசியில் டைப் செய்த பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான பிசியிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றிவிடுங்கள்.