எருவிலும் மண்ணிலும் களைக்கொல்லி மிச்சம் இருக்கிறதா? பயறு முளைக்கவைத்துக் கண்டுபிடிக்கும் முறை

களைக்கொல்லி அடித்த நிலத்தில் அடுத்து என்ன விதைக்கலாம்? அந்த நிலத்துப் புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தைக் காய்கறிப் பாத்திக்குப் போடலாமா? நாள் கணக்கை மட்டும் வைத்து இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. அடித்த மருந்து எது, மண் எப்படிப்பட்டது, இடையில் மாட்டின் வயிறு வந்ததா என்பதைப் பொறுத்து விடை மாறும். முதலில் மருந்து எங்கே எப்படிச் சிதைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சோதனை அதற்குப் பிறகு.

மண்ணில் நடப்பது

பெரும்பாலான களைக்கொல்லிகளை மண்ணில் அழிப்பவை நுண்ணுயிர்கள்தான். 2,4-டி என்ற களைக்கொல்லி விழுந்தால் பாக்டீரியா முதலில் அதன் பக்கச் சங்கிலியை வெட்டி டைகுளோரோபீனாலாக மாற்றும். பிறகு வளையத்தையும் உடைத்து உணவாக்கிக்கொள்ளும். வெதுவெதுப்பும் ஈரமும் காற்றோட்டமும் உள்ள மண்ணில் பாதி மருந்து போக ஒன்றிரண்டு வாரம் போதும். அதே நிலத்தில் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தின்னும் பாக்டீரியா பெருகி இன்னும் வேகமாகத் தீர்த்துவிடும்.

அட்ரசின் என்ற களைக்கொல்லி அவ்வளவு சுலபமாகப் போகாது. அமில மண்ணில் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சி அட்ரசினாகும்; அதற்குச் செடியைக் கொல்லும் சக்தி இல்லை. நுண்ணுயிர்கள் பக்கக் கிளைகளைக் கழற்றினால் கிடைக்கும் டீஎத்தில் அட்ரசினுக்கோ அந்தச் சக்தி ஓரளவு மிச்சம் இருக்கும், நிலத்தடி நீருக்கும் இறங்கும். மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 7-க்கு மேல் போனால் சிதைவு மந்தமாகிவிடும். மெட்சல்ஃப்யூரான் வகையிலும் இதே சிக்கல்தான், ஆனால் கடுமையாக. எக்டேருக்குச் சில கிராம் மட்டுமே அடிக்கிற மருந்து அது. அமில மண்ணில் ஈரமே அதை உடைத்துவிடும். கார மண்ணில் அந்த வழி அடைபட்டு, நுண்ணுயிரை மட்டும் நம்பிக் கிடக்கும். சுண்ணாம்பு குவித்துவைத்திருந்த இடத்தில் மட்டும் அடுத்த பயிர் வட்டமாக மஞ்சளடித்து நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

செயலிழப்பது வேறு, சிதைவது வேறு. கிளைபோசேட் களிமண்ணிலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலும் இறுக ஒட்டிக்கொள்வதால் அடுத்து விதைக்கும் பயிரை அது பொதுவாகத் தொடுவதில்லை. அப்போதும் மண்ணில் இருக்கத்தான் செய்யும். நுண்ணுயிர்கள் அதை மெல்ல ஆம்பா என்ற பொருளாக மாற்றும். ஆம்பா கிளைபோசேட்டைவிட அதிக நாள் தங்கும். பாராகுவாட் களிமண்ணில் ஒட்டியபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கீழே சொல்லும் பயறுச் சோதனை செடியைத் தாக்கக்கூடிய மிச்சத்தைத்தான் காட்டும், இப்படி ஒட்டிக் கிடப்பதைக் காட்டாது.

மிச்சத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி இருக்கிறது. எக்டேருக்கு 1 கிலோ மூலப்பொருள் (மருந்தில் களையைக் கொல்லும் பகுதி) அடித்து, அது மேல் 10 செ.மீ. மண்ணில் பரவியதாக வையுங்கள். ஒரு கன மீட்டர் மண் சுமார் 1,300 கிலோ. அப்படியானால் எக்டேரில் அந்த அடுக்கு 13 லட்சம் கிலோ. கிலோ மண்ணுக்கு ஏறக்குறைய 0.77 மி.கி. மருந்து. அரையாயுள், அதாவது பாதி மருந்து சிதைய ஆகும் காலம், 60 நாள் என்றால் 60-ஆம் நாள் 0.38, 120-ஆம் நாள் 0.19, 180-ஆம் நாள் 0.10 மி.கி. இருக்கும். ஐந்து அரையாயுள் கழிந்தாலும் 3 சதவீதம் மிச்சம். தாங்கும் பயிருக்கு அது ஒன்றுமில்லை. கூச்சமுள்ள பயிருக்கு அதுவே அதிகம்.

மேல் மண் காய்ந்து கிடந்தால் நுண்ணுயிர் வேலை செய்யாது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் சிதையும் வேகம் ஏறத்தாழ பாதியாகும். எனவே மழையில்லாத 100 நாளை 100 நாளாக எண்ணாதீர்கள்.

விலங்கின் உடலில் நடப்பது

உடல் மருந்தை மண்ணைப்போல் முழுதாக உடைப்பதில்லை. சிறுநீரில் கரைந்து போகும்படி மாற்றி வெளியே தள்ளும், அல்லது வந்த வடிவிலேயே அனுப்பிவிடும். அட்ரசினின் கிளைகளைக் கல்லீரல் கழற்றும், உடலிலேயே உள்ள குளுட்டாதயோன் என்ற பொருளை அதோடு சேர்க்கும்; எலிகளில் பெரும்பகுதி மூன்று நாளில் சிறுநீர் வழியே வெளியேறுகிறது. 2,4-டி பெரும்பாலும் மாறாமலே சிறுநீரகம் வழியாகப் போகும். நாய்க்கு இத்தகைய அமிலங்களை வெளியேற்றும் திறன் குறைவு என்பதால் அதன் உடலில் அதிக நேரம் தங்கும். மருந்தடித்த புல்தரையில் நாயை விடாதீர்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கிளைபோசேட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே குடல் உறிஞ்சுகிறது. மிச்சம் நேராகச் சாணத்துக்கு வந்துவிடும்.

எருவைப் பெரும்பாலும் கெடுப்பவை அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்லோரம் போன்றவை. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்ல மேய்ச்சல் நிலத்தில் அடிப்பவை. மாட்டின் வயிற்றில் அமினோபைரலிட் மாறுவதே இல்லை. சில நாளில் சாணத்திலும் மூத்திரத்திலும் அப்படியே வந்துவிடும். மாடு நலமாக இருக்கும், எரு பாழாகியிருக்கும். 2008-இல் பிரிட்டனில் தோட்டப் பயிர்கள் இந்த வழியில் சுருண்டுபோனதால் அமினோபைரலிட் விற்பனை அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. எருவை மக்கவைத்தாலும் போதாது. குவியல் மக்கிப் பாதியாகச் சுருங்கும்போது மருந்து அதே வேகத்தில் குறையாவிட்டால், மக்கிய எருவில் அதன் செறிவு கூடக்கூடச் செய்யும்.

சோதனை செய்யும் விதம்

எருக் குவியலின் மேலே, நடுவே, அடியில் என 20 இடங்களில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலக்குங்கள். மண்ணாக இருந்தால் 15 செ.மீ. ஆழம் வரை, நிலம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் போய் 15 முதல் 20 இடங்கள். தெளிப்பான் திரும்பும் வரப்போரத்தில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருக்கும். அந்த மண்ணைத் தனி மாதிரியாக வையுங்கள், மற்றதோடு கலக்காதீர்கள். எடுத்த மாதிரியை ஈரத்தோடு பையில் கட்டி வாரக்கணக்கில் வைத்தால் உள்ளேயே மருந்து சிதைந்து, பொய்யான நிம்மதி கிடைக்கும். ஓரிரு நாளில் விதைத்துவிடுங்கள்.

எருவைச் சம அளவு சுத்தமான தொட்டி மண்கலவையோடு கலந்து, 10 செ.மீ. அகலமுள்ள நான்கு தொட்டிகளில் நிரப்புங்கள். தோட்ட மண்ணைச் சோதிப்பதானால் அப்படியே நிரப்பலாம். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் மண்கலவை நிரப்பிய நான்கு தொட்டிகளும் வேண்டும். தொட்டிக்கு மூன்று பீன்ஸ் அல்லது பட்டாணி விதை. ஒவ்வொரு தொட்டிக்கும் தனித் தட்டு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால் வடியும் தண்ணீரோடு மருந்து நல்ல தொட்டிக்கும் ஏறி, சோதனையே வீணாகும். நல்ல வெளிச்சத்தில் வைத்து, மூன்று அடுக்கு உண்மை இலை (விதையிலைக்குப் பின் வருவது) வரும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம் வளர்க்கவும். முதல் வாரத்திலேயே முடிவு கட்டாதீர்கள்: அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் மருந்து, விதையில் உள்ள சேமிப்பு தீரும்வரை செடி பச்சையாகவே நிற்கும்.

அட்ரசின் சந்தேகம் இருந்தால் பீன்ஸோடு ஓட்ஸும் விதையுங்கள். பெண்டிமெத்தலின் போன்ற களைக்கொல்லிகளுக்குச் சிறுதானியப் புல் வகை ஒன்றை விதைத்து, கடைசியில் வேரைக் கழுவிப் பாருங்கள்.

செடி சொல்வதைப் படிப்பது

அமினோபைரலிட், குளோபைரலிட் வகை மருந்தின் அடையாளத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. புது இலை விரியாமல் கிண்ணம்போல் உள்வாங்கும், நரம்புகள் நெருக்கமாக இணைகோடுகளாக ஓடும், தண்டு முறுக்கி வளையும். அட்ரசினில் கீழ் இலைகளின் ஓரம் முதலில் மஞ்சளாகிக் கருகும், நுனி பச்சையாகவே இருக்கும். மெட்சல்ஃப்யூரானில் அதற்கு நேர்மாறு: நுனி வளர்ச்சி நின்று வெளுக்கும், பக்க வேர்கள் குட்டையாக நிற்கும். பெண்டிமெத்தலினில் வேர் நுனி தடித்துக் குறுகிவிடும்.

முளைப்பே குறைந்திருந்தால் களைக்கொல்லி என்று அவசரப்பட வேண்டாம். பச்சை எருவின் உப்பும் அம்மோனியாவும் அதைச் செய்யும். தண்டு அடியில் அழுகிச் சாய்ந்தால் அது பூஞ்சை. தீராத சந்தேகம் இருந்தால் அதே மாதிரியில் கொஞ்சம் செயலூட்டிய கரித்தூள் கலந்து மூன்றாவது தொட்டி வரிசை வையுங்கள். கரி கலந்ததில் செடி தேறி, கலக்காததில் சுருண்டால் காரணம் மருந்து. இரண்டிலும் கெட்டால் வேறு காரணத்தைத் தேடலாம். கரி எல்லா மருந்தையும் ஒரேபோல் பிடிக்காது, அட்ரசினை நன்றாகவே பிடிக்கும்.

மிச்சம் இருந்தால்

கெட்ட எருவை மறுபடி மக்கவைத்துக் காத்திருக்காதீர்கள், காய்கறிக்கும் கொடுக்காதீர்கள். புல்லோ தானியமோ வளரும் நிலத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி மண்ணோடு கிளறிவிடுங்கள். அங்கே நுண்ணுயிர்கள் மெல்ல உடைத்துவிடும். ஏற்கெனவே பாத்தியில் போட்டுவிட்டால், ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கொத்திக் காற்றுப்படவிட்டு, அடுத்த பருவத்துக்குச் சோளம் போன்ற புல்லினப் பயிர் வைக்கவும். அந்தத் தட்டையையும் வைக்கோலையும் காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போட்டால் மருந்து திரும்பிவரும். பயறு, தக்காளி வைக்கும் முன் மறுபடி சோதியுங்கள். சிறிய இடமாக இருந்தால் கரித்தூள் கலக்கலாம். மண்ணில் இருக்கும் ஒவ்வொரு கிலோ மூலப்பொருளுக்கும் சுமார் 200 கிலோ கரி தேவைப்படும் என்பதால் பெரிய நிலத்துக்கு இது கட்டுப்படியாகாது.

மாடு இன்னும் அந்தப் புல்லைத் தின்றுகொண்டிருந்தால், எரு சேர்ப்பதற்கு முன் மூன்று நாளாவது மருந்தடிக்காத தீவனம் கொடுங்கள். அந்த மூன்று நாள் சாணமும் மருந்தடித்த மேய்ச்சல் நிலத்துக்கே திரும்பப் போக வேண்டும். பாலுக்கும் இறைச்சிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது மருந்துக்கு மருந்து மாறும். புட்டிச் சீட்டில் உள்ளதைக் குறைக்கவே கூடாது. வெளியிலிருந்து வைக்கோலோ எருவோ வாங்கும்போது, அந்தப் புல்லுக்கு இரண்டு ஆண்டுக்குள் என்ன மருந்து அடித்தார்கள் என்று பெயரோடு கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கியதை, தொட்டியில் பீன்ஸ் நேராக வளரும்வரை தனிக் குவியலாகவே வைத்திருங்கள்.