ஒயின் திராட்சைக்கு மண் பார்ப்பது எப்படி: செட்டிநாட்டுச் செவலை வைத்து

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் திராட்சை போடுவதைப் பற்றிப் பேசினால் முதலில் மண்ணின் நிறத்தைத்தான் சொல்வார்கள். "நல்ல செவல், சரளை கலந்தது." நிறம் இரும்பால் வருவது, அதைப் பார்த்து ஒயின் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது அந்த மண் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது, எவ்வளவு நாள் பிடித்து வைக்கிறது, கொடிக்கு எப்படிக் கொடுக்கிறது என்பதை. ஒயினின் குணத்தில் மண்ணின் பங்கு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது.

பிரான்சில் சாப்ளி ஊர்ச் சுண்ணாம்பு மண்ணில் சுமார் 15 கோடி வருடப் பழைய சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன, அந்த ஒயினில் சிப்பி வாசனை வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. சிப்பி இருப்பது உண்மை. ஆனால் வேர் கல்லின் சுவையை உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்புவதில்லை. அது எடுப்பது தண்ணீரில் கரைந்த உப்புகளை மட்டும், அவையும் நாக்குக்குத் தெரியாத அளவு. சாப்ளியின் கூர்மையான புளிப்புக்கு அந்த ஊர்க் குளிரே பெரிய காரணம்.

சரி, இனி நம் நிலத்துக்கு வருவோம். நிலத்தில் மேடு ஒன்று, தாழ்வு ஒன்று என்று குறைந்தது இரண்டு இடத்தில் 3 அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். ஒரு பக்கச் சுவரைக் கடப்பாரையால் சீவிவிட்டு அடுக்கு அடுக்காகப் பாருங்கள். நம் பக்கம் மேலே மணல் கலந்த செம்மண், அதன்கீழ் சரளை, அதற்கும் கீழே செம்புரைக்கல் என்று பல இடங்களில் இருக்கும். செம்புரைக்கல் வெட்டும்போது மெத்தென்று இருந்தாலும் வெயில் காற்றுப் பட்டால் இறுகிவிடும். அது எத்தனை அடியில் தட்டுகிறது, அதில் வெடிப்பு இருக்கிறதா, ஏற்கெனவே நிற்கும் மரத்தின் வேர் அதற்குள் போயிருக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றரை அடியிலேயே முழுப் பாளமாகத் தட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது. மழையில் வேர் நீரில் நிற்கும், சித்திரையில் காயும்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. ஒரு அடி ஆழக் குழியை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் என்றால் நல்ல மண். அதற்கு மேல் ஓடினால் சொட்டுநீரை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியிருக்கும். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் களி. கண்மாய்க்குக் கீழ் வயல்கள் பெரும்பாலும் இப்படித்தான், அங்கே நெல்லே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், காய் பிடித்த பிறகு கொடிக்குத் தண்ணீர் லேசாகக் குறைந்தால் தளிர் ஓடுவது நிற்கும், பழம் சிறுக்கும். சிறு பழத்தில் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும், சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலை மண்டி, பழம் உப்பி, ஒயின் சப்பென்று போகும். பிரான்சின் போர்டோவில் ஆற்றின் இடதுகரை மெடாக் பகுதியில் கூழாங்கல் மண், தண்ணீர் நிற்காது, கபர்னே சாவிஞ்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சை அங்கே பேர் வாங்கியது. வலதுகரைப் பொமரோலில் களி அதிகம், அங்கே மெர்லோ என்ற இன்னொரு ரகம். பிரான்சிலேயே ஷாம்பெயின் பகுதியின் சுண்ணக்கல் ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 400 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் மெதுவாகக் கொடுக்கிறது. கல் வேறு வேறு, ஆனால் மூன்று ஊரிலும் தண்ணீர்க் கணக்குதான் முக்கியம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மெடாக்கின் கூழாங்கல்லும் ஜெர்மனியில் மோசல் ஆற்றுச் சரிவுகளின் பலகைக்கல்லும் வெயிலை வாங்கிக் கொடிக்குச் சூடு கொடுக்கின்றன, குளிர்ந்த ஊரில் அது வரம். செட்டிநாட்டு வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம். பழத்தின் புளிப்பு சூட்டில் கரையும், நம் ராத்திரிகளும் குளிராது. அதனால் வடிகாலுக்காகச் சரளையைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் மேற்பரப்பை வைக்கோல், காய்ந்த இலைதழை போட்டு மூடிவிடுங்கள். எவ்வளவு நல்ல மண்ணும் இந்த வெயிலை முழுதாக ஈடுகட்டாது என்பதையும் தெரிந்தே இறங்குங்கள்.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது மேலடி, கீழடி மாதிரிகளைத் தனித்தனியாகக் கொடுங்கள். கார அமில நிலை 5.5க்குக் கீழே இருந்தால் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும், செம்புரை மண் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கட்டிப் போட்டுவிடும். வேளாண் சுண்ணாம்புத் தூளை நடுவதற்கு முன்பே கலந்துவிட வேண்டும். மாறாக, மண்ணில் வினிகர் விட்டுப் பொங்கினால் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிஞ்சினால் சாற்றின் புளிப்பு இறங்கும் என்பதால் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். கண்மாயில் அள்ளும் வண்டல், அதாவது கரம்பையும் அளவோடுதான். நெல்லுக்கு அது அமுதம், ஒயின் திராட்சைக்கு அதிகம் போட்டால் வெறும் இலையாக வளரும்.

ரகம் என்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், நம் வெயிலுக்கு ஓரளவு பழகியது. மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால், அதாவது கொடியை வெட்டிவிட்டால், ஏறக்குறைய 4 மாதத்தில், ஐப்பசி மழைக்கு வெகு முன்பே, அறுவடைக்கு வரும்.

பழுத்ததும் மேட்டுக் கொடியிலிருந்தும் தாழ்வுக் கொடியிலிருந்தும் பழம் பறித்து, தோலைத் தனியாக மென்று பாருங்கள். எதன் தோல் தடிப்பு, எதில் துவர்ப்பு, எதில் புளிப்பு மிச்சம், விதை பழுப்பாகிவிட்டதா என்று எழுதி வையுங்கள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருப்பதால் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடக் கூடாது, ஆனால் இரண்டு குழிக்கும் உள்ள வித்தியாசம் பழத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த கவாத்துக்கு முன் தண்ணீர் அளவை மாற்ற அந்தக் குறிப்பு போதும்.