லோடு வண்டியில ஆயில் கூலர் லீக்கா? ஹெட்டை இறக்கறதுக்கு முன்னாடி இதை பாருங்க

பிக்கப் வச்சிருக்கற நிறைய பேருக்கு இன்ஜின்ல ஆயில் கூலர்னு ஒரு பார்ட் இருக்கறதே அது லீக் ஆகற அன்னைக்குதான் தெரிய வருது. ரேடியேட்டர் தெரியும், வாட்டர் பம்ப் தெரியும், ஆனா ஆயில் பில்டர் பக்கத்துல பிளாக்கோட ஒட்டிக்கிட்டு இருக்கற அந்த சின்ன பெட்டியை யாரும் கண்டுக்கறதில்ல. சென்னை கோயம்பேட்டுல லோடு ஏத்திக்கிட்டு மே மாச வெயில்ல மதுரவாயல் பக்கம் பர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து போறப்போ ஆயில் ரொம்ப சூடாகி தண்ணியா இளகிப் போகாம காப்பாத்தறது அதுதான். உள்ள மெல்லிசு மெல்லிசா தகடு அடுக்கி வச்சிருப்பாங்க, ஒரு தகடுக்கு இந்தப் பக்கம் ஆயில் ஓடும், அந்தப் பக்கம் கூலன்ட் ஓடும், ஆயிலோட சூட்டை கூலன்ட் வாங்கிட்டு ரேடியேட்டருக்கு கொண்டு போயிடும். சில வண்டில கூலன்ட் சம்பந்தமே இல்லாம முன்னாடி கிரில் பக்கம் தனியா ஒரு சின்ன ரேடியேட்டர் வச்சு ஹோஸ் போட்டு ஆயிலை காத்துல ஆற வைப்பாங்க, அது வேற டைப், கடைசியில சொல்றேன்.

இதை எழுதறதுக்கு முக்கியமான காரணம், ரேடியேட்டர் தண்ணில ஆயில் மிதந்தா உடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு"ன்னு சொல்லி (இன்ஜின் பிளாக்குக்கும் அது மேல மூடி மாதிரி இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற பேக்கிங்தான் ஹெட் கேஸ்கெட்) ஹெட்டை இறக்கிடறாங்க, பேஸிங் போட்டு அதோட அடிப்பக்கத்தை சமப்படுத்தறாங்க, பெரிய செலவு ஆகுது, எல்லாம் மாட்டி ஓட்டினா மறுபடியும் ஆயில் வந்து நிக்குது, ஏன்னா ஓட்டை இருந்தது கூலர்ல. கூலரை டெஸ்ட் பண்றது அரை நாள் வேலை, அதை முதல்ல பண்ணுங்க, ஹெட்டை அப்புறம் பாத்துக்கலாம்.

லீக்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு வெளி லீக், கூலர் ஹவுசிங்கும் பிளாக்கும் சேர்ற இடத்துல இருக்கற பேக்கிங் இல்லன்னா ஓ ரிங் சூட்டுல காஞ்சு கல்லா போயி அது வழியா ஆயில் கசியும், பார்க்கிங்ல சொட்டு சொட்டா கறை தெரியும். இன்னொண்ணு உள் லீக், அந்த தகடுலயே ஓட்டை விழுந்து ஆயிலும் கூலன்ட்டும் கலக்கறது. இதுல கீழ ஒரு சொட்டு கூட விழாது, அதனாலதான் ஆபத்து.

உள் லீக்ல ஏன் பெரும்பாலும் ஆயில் தண்ணிக்கு போகுது, தண்ணி ஆயிலுக்கு வர்றதில்லன்னா, பிரஷர் கணக்குதான். வண்டி ஓடறப்போ ஆயில் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 3ல இருந்து 5 கிலோ வரை இருக்கும், கூலன்ட் பக்கம் ரேடியேட்டர் மூடி தாங்கறதே சுமார் 1 கிலோதான், அதனால ஆயில் தண்ணி பக்கம் தள்ளிக்கிட்டு போகும். ஆனா வண்டியை ஆப் பண்ண உடனே ஆயில் பிரஷர் ஜீரோ ஆயிடும், சூடா இருக்கற கூலன்ட்ல பிரஷர் அப்படியே நிக்கும், அப்ப கொஞ்சம் தண்ணி ஆயில் பக்கம் இறங்கவும் வாய்ப்பு இருக்கு. அதனால தினமும் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பாக்கற கம்பியை, எடுத்து பாருங்க. பால் கலந்த காபி மாதிரி கலங்கலா இருந்தாலோ, ஆயில் லெவல் ஊத்தாமலே ஏறி இருந்தாலோ வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. கூலன்ட்ல இருக்கற கிளைகால் பேரிங்கை அரிச்சிடும், அதுக்கப்புறம் இன்ஜின் முழுசா இறக்கற வேலை.

ஹெட் கேஸ்கெட்டா கூலரான்னு எப்படி பிரிச்சு பாக்கறது? ஹெட் கேஸ்கெட் போனா பொதுவா எரிஞ்ச கேஸ் தண்ணிக்குள்ள வரும், ரேடியேட்டர்லயோ எக்ஸ்பேன்ஷன் டேங்க்லயோ முட்டை முட்டையா குமிழி விடும், காலைல ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகும், சைலன்சர்ல வெள்ளை புகை வரும், ஹீட் ஆகும். கூலர் ஓட்டைன்னா பெரும்பாலும் இதெல்லாம் இருக்காது, வண்டி நல்லா ஓடும், ஹீட் கூட ஆகாது, ஆனா டேங்க்ல கருப்பா பிசுபிசுன்னு ஆயில் திரண்டு நிக்கும், டிப் ஸ்டிக்ல ஆயில் கம்மியாகிக்கிட்டே போகும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியா இருந்து டேங்க்ல ரோஸ் கலர்ல கலங்கலா நின்னா அது கியர் ஆயில் கூலரு, பல வண்டில அது ரேடியேட்டருக்குள்ளயே இருக்கும், அதுக்கு வைத்தியம் வேற. சூடா இருக்கறப்போ மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க, மூஞ்சி வெந்துடும்.

வெளி லீக்கை கண்டுபிடிக்கறதுக்கு பொறுமை வேணும். ஆயில் மேல இருந்து வழிஞ்சு கீழ வரும், காத்துல பின்னாடி பறக்கும், அதனால நனைஞ்சு இருக்கற இடம் எல்லாம் லீக் இடம் கிடையாது. டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டர்போ ரிட்டர்ன் பைப், இதெல்லாம் கூலர் மேல பழியை போடும். பில்டர் மாத்தறப்போ பழைய ரப்பர் ரிங் பிளாக்லயே ஒட்டிக்கிட்டு அது மேலயே புது பில்டரை இறுக்கிடறதும் நடக்குது, அங்க கொட்டற ஆயிலும் கூலர் லீக்னுதான் தெரியும். இன்ஜின் ஆறின பிறகு டீகிரீஸர் அடிச்சு பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவுங்க, சென்சார் கப்ளர், ஆல்டர்னேட்டர் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிடுங்க. நல்லா காய விட்டு, கூலர் ஜாயின்ட் சுத்தி மூஞ்சிக்கு போடற டால்கம் பவுடரை மெல்லிசா தூவி, ஒரு பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டு டார்ச் அடிச்சு பாருங்க. பவுடர்ல எங்க முதல்ல ஈரக் கோடு விழுதோ அதுதான் இடம். பெல்ட்டு பக்கம் கை போகாம பாத்துக்கோங்க.

இப்ப கழட்டற வேலை. சொந்தமா பண்றவங்க வண்டியை சமதளத்துல நிறுத்தி, பேட்டரி நெகட்டிவ் கழட்டி, ஜாக்கை மட்டும் நம்பாம ஸ்டாண்டு போட்டுதான் கீழ போகணும். கூலன்ட், ஆயில் ரெண்டையும் தனித்தனி டப்பில இறக்குங்க. சில வண்டில கூலர் கைக்கு எட்டற இடத்துல இருக்கும், சில வண்டில இன்டேக் மேனிபோல்டு (இன்ஜினுக்கு காத்து போற குழாய்), இஜிஆர் பைப் (கொஞ்சம் புகையை திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற குழாய்) எல்லாம் எடுத்தாதான் தெரியும், அதனால ஒவ்வொண்ணா கழட்டறப்போ போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. ஹவுசிங் போல்ட்டு எல்லாம் ஒரே நீளம் இருக்காது, ஒரு அட்டையில ஹவுசிங் ஷேப்பை வரைஞ்சு எந்த போல்ட்டு எந்த ஓட்டையோ அங்கயே குத்தி வைங்க. நீள போல்ட்டை குட்டை இடத்துல போட்டு இறுக்கினா அடியில முட்டிக்கிட்டு இறுகின மாதிரி தெரியும், ஜாயின்ட் இறுகி இருக்காது, இன்னும் முறுக்கினா அலுமினியத்துல மரை போயிடும்.

பழைய பேக்கிங்கை சுரண்டறப்போதான் நிறைய இன்ஜின் கெடுது. எமரி பேப்பர் போடாதீங்க. அந்த மண்ணு ஆயில் ஓட்டைக்குள்ள விழுந்தா நேரா பேரிங்குக்கு போகும். ஓட்டை எல்லாம் நூல் பிரியாத சுத்தமான துணி வச்சு அடைச்சிட்டு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்ல பொறுமையா எடுத்து, கடைசியில பிரேக் கிளீனர் போட்டு துடைங்க. மாட்டறதுக்கு முன்னாடி எத்தனை துணி வச்சோமோ அத்தனையும் வெளிய வந்திடுச்சான்னு பாத்துக்கோங்க.

கூலர் கையில வந்ததும் நல்லா கழுவி ஒரு ரேடியேட்டர் கடைக்கு எடுத்துட்டு போங்க. ஆயில் பக்கம் ஒரு வழியை ரப்பர் வச்சு அடைச்சு, இன்னொரு வழியில காத்து குடுத்து, சுடுதண்ணி தொட்டியில முக்கி பாக்க சொல்லுங்க. பச்சை தண்ணியில முக்கி "நல்லாதான் இருக்கு"ன்னு குடுத்துடுவாங்க, ஆனா சில விரிசல் சூட்டுல தகடு விரிஞ்சாதான் திறக்கும். வண்டியில வர்ற பிரஷர் அளவுக்கு, ஒரு 4 கிலோ வரை காத்து குடுத்து கொஞ்ச நேரம் விட்டு பாக்கணும், அதுக்கு மேல ஏத்த வேணாம். குமிழி வந்தா அந்த கூலர் கதை முடிஞ்சுது. ஆர்கான் வெல்டிங் வச்சு அடைச்சு தரேன்னு சொல்லுவாங்க, வெளியில தெரியற ஓட்டையை அடைக்கலாம், உள்ள அடுக்குக்கு நடுவுல இருக்கறதை எந்த வெல்டரும் தொட முடியாது. குமிழி வரலைன்னா பேக்கிங், ஓ ரிங் செட் மட்டும் போதும்.

புது கூலர் வாங்கறதுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனா நம்ம ஊர்ல ஓடற எல்லா பிக்கப்புக்கும் கிடைச்சிடும், சேஸிஸ் நம்பரும் பழைய பார்ட்டும் கையில இருக்கட்டும், ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் கூலர் மாறும். புதுப்பேட்டையில பழசு கம்மி விலைக்கு கிடைக்கும்தான், நானும் அங்க நிறைய பார்ட்ஸ் வாங்குவேன், ஆனா ஆயில் கூலரை மட்டும் பழசு வாங்க சொல்ல மாட்டேன். அது எந்த இன்ஜின்ல இருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, பேரிங் உடைஞ்ச இன்ஜினா இருந்தா அந்த உலோகத் தூள் எல்லாம் தகடு இடுக்குல உக்காந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசா வராது, உங்க இன்ஜின்ல மாட்டின பிறகு மெதுவா வெளிய வரும். அதே காரணத்துக்காக உங்க இன்ஜின்லயே பேரிங் போய் வேலை பாத்திருந்தா அப்பவே கூலரையும் மாத்திடணும்.

ஓ ரிங்ல ஒரு விஷயம். லோக்கல் கடையில அளவு பாத்து சாதா நைட்ரைல் ரிங் குடுப்பாங்க, ஆயில் சூட்டுல நாளாக நாளாக அது இறுகி போயிடும், சூடு நல்லா தாங்கற வைட்டான் ரிங் கேட்டு வாங்குங்க, இல்லன்னா கம்பெனி செட்டே வாங்கிடுங்க. ரிங்ல புது ஆயில் தடவி அப்படியே போடணும், அது மேல அனபாண்ட் மாதிரி பேக்கிங் பசை பூசக்கூடாது. பூசினா பிதுங்கி உள்ள போற துண்டு ஆயில் வழியை அடைக்கும். போல்ட்டை குறுக்க குறுக்க, ரெண்டு மூணு ரவுண்டா இறுக்குங்க. எட்டு எம்எம் போல்ட்டுக்கு பொதுவா 20ல இருந்து 25 நியூட்டன் மீட்டர் வரும், ஆனா உங்க வண்டி மேனுவல்ல இருக்கற அளவுதான் கணக்கு, டார்க் ரெஞ்ச் இல்லன்னா மெக்கானிக்கிட்ட கடன் வாங்கியாவது பண்ணுங்க. புது பில்டர், புது ஆயில் போட்டு, டீசல் போகாம கட் பண்ணிட்டு கொஞ்சம் கொஞ்சமா செல்ப் அடிங்க, ஆயில் லைட் அணைஞ்ச பிறகு ஸ்டார்ட் பண்ணலாம்.

வெளி லீக்னா வேலை இதோட முடிஞ்சுது. உள் லீக்னா பாதிதான் முடிஞ்சிருக்கு, மீதி பாதி அந்த ஆயிலை தண்ணி பாதையில இருந்து வெளிய எடுக்கறது. நிறைய பட்டறையில இதைத்தான் அவசரமா முடிக்கறாங்க. ரெண்டு தடவை தண்ணி விட்டு அலசிட்டு கூலன்ட் ஊத்தி அனுப்பிடறாங்க, அடுத்த வாரம் மறுபடியும் ஆயில் மிதக்கும், ஓனர் கூலர் சரியில்லன்னு சண்டைக்கு போவாரு, உண்மையில அது பழைய ஆயில். தெர்மோஸ்டாட்டை கழட்டிட்டு, நுரை வராத ரேடியேட்டர் பிளஷ் ஊத்தி, சூடாகற வரை ஓட்டி, கொஞ்சம் ஆற விட்டு இறக்கி, திரும்ப ஊத்தி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடாம பண்ணணும். பாத்திரம் கழுவற லிக்விடு போட்டா நுரை கட்டி காத்து அடைச்சு ஹீட் ஆகும், டீசல், மண்ணெண்ணெய் ஊத்தினா ஹோஸ் ரப்பர் ஊதி போயிடும், ரெண்டும் வேணாம். ஹீட்டர் இருக்கற வண்டில ஹீட்டரை புல்லா திறந்து வச்சு ஓட்டுங்க, சென்னைல யாரும் ஹீட்டர் போடறதே இல்ல, அதனாலயே அந்த காயிலுக்குள்ள ஆயில் தங்கி நின்னு அப்புறம் வெளிய வரும். எக்ஸ்பேன்ஷன் டேங்க்கை தனியா கழட்டி கழுவுங்க. அமுக்கினா கொழகொழன்னு இருக்கற ஹோஸ், ஊதின ரேடியேட்டர் மூடி ரப்பர் ரெண்டையும் மாத்திடுங்க.

கடைசியா ஊத்தறது கலந்து வர்ற கூலன்ட், இல்லன்னா கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்கு பாதி. போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. நம்ம ஊர்ல பல ஏரியாவுல போர் தண்ணி உப்பு, கடல் ஓரமா இருக்கற ஏரியான்னா கேக்கவே வேணாம், அந்த உப்புதான் தகடை அரிக்குது, வருஷக்கணக்கா வெறும் தண்ணி ஊத்தி ஓட்டற வண்டியிலதான் கூலர் ஓட்டை அதிகமா பாக்கறேன். ஆயில்ல தண்ணி கலந்திருந்த வண்டின்னா 500 கிலோமீட்டர்ல ஆயிலையும் பில்டரையும் இன்னொரு தடவை மாத்திடுங்க.

லீக்கை அடைக்கற லிக்விடு ஊத்தலாமான்னு கேப்பாங்க. வேணாம், 4 கிலோ பிரஷர்ல வர்ற ஆயிலை அது நிறுத்தாது, ரேடியேட்டரோட சின்ன குழாயைத்தான் அடைக்கும்.

காத்துல ஆற வைக்கற டைப் கூலர்ல பெரும்பாலும் போறது ஹோஸ் முனைதான். அதுல கிளிப் போட்டு ஓட்டாதீங்க, ஹைவேயில கழண்டா சீக்கிரமே ஆயில் எல்லாம் ரோட்டுக்கு போயிடும். ஹைட்ராலிக் ஹோஸ் கடையில பழைய பிட்டிங்கை காட்டி சூடான ஆயில் தாங்கற ஹோஸ்ல கிரிம்ப் பண்ணி, அதாவது மெஷின்ல முனையை அழுத்தி இறுக்கி, வாங்கிக்கோங்க. கழட்டறப்போ ரெண்டு ஸ்பேனர் போடணும், ஒண்ணு கூலர் பக்க நட்டை பிடிக்க, இன்னொண்ணு ஹோஸை திருப்ப, ஒரே ஸ்பேனர்ல முறுக்கினா கூலரோட குழாய் முறுக்கிக்கிட்டு புது கூலர் செலவு வந்துடும்.

எந்த டைப்பா இருந்தாலும் ஓட்டிக்கிட்டு இருக்கறப்போ ஆயில் லைட் எரிஞ்சா பக்கத்துல பட்டறை இருக்கு, போயிடலாம்னு நினைக்காதீங்க, கத்திப்பாரா பாலத்து மேலயே இருந்தாலும் சரி, ஓரம் கட்டி ஹசார்ட் போட்டு இன்ஜினை ஆப் பண்ணிட்டு இழுவை வண்டியை கூப்பிடுங்க.

இறக்கின ஆயிலை மழைநீர் கால்வாய்ல ஊத்தாதீங்க, அது நேரா கூவத்துக்கும் அடையாறுக்கும்தான் போய் சேருது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு, பழைய ஆயில் எடுக்க அனுமதி இருக்கறவங்ககிட்ட குடுக்கணும், கூலன்ட் கலந்திருக்குன்னு சொல்லியே குடுங்க. கூலன்ட் டப்பையும் ராத்திரி வாசல்ல திறந்து வைக்காதீங்க, அது இனிப்பா இருக்கும், தெரு நாய் வந்து நக்கினா சிறுநீரகம் போய் செத்துடும்.