லென்ஸ் வளையத்தில் உள்ள எண்கள் சொல்வது என்ன?

புதிய கேமராவுடன் வரும் லென்ஸில் பெரும்பாலும் '18–55 மி.மீ. 1:3.5–5.6' என்பது போலப் பொறித்திருக்கும். முதல் இணை குவியத் தூரம்: 18இல் காட்சி அகலமாக விரியும், 55இல் நெருங்கி வரும். அடுத்த இணையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். லென்ஸின் துளை அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதை அது குறிக்கிறது, 18இல் 3.5 வரை, 55இல் 5.6 வரை மட்டுமே. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண் இது. ஆகவே எண் சிறுத்தால் துளை பெருக்கும். 5.6இல் நுழைவதைப்போல் நான்கு மடங்கு ஒளி 2.8இல் நுழைகிறது! மங்கலான அறையில் படமெடுக்க விரும்புகிறவர்களுக்கு 50 மி.மீ. 1.8 லென்ஸையே முதலில் பரிந்துரைப்பேன். குறுக்குக்கோடிட்ட வட்டத்தின் அருகே உள்ள 58 போன்ற எண், லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் கண்ணாடியான ஃபில்டரின் அளவு. அதைக் குவியத் தூரம் என்று எண்ணிவிடாதீர்கள்.