காரைக்குடியில் இரண்டு நாள், வீட்டுக்கு ஒரே ஒரு பாத்திரம்

கணவனும் மனைவியுமாக வார இறுதிக்குக் காரைக்குடி போகிறீர்களா? அரை நாளை முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒதுக்கிவிடுங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியே வந்த பித்தளை, மங்குச் சாமான் (எனாமல் பூசிய பாத்திரம்), தேக்குப் பெட்டி விற்கும் பழம்பொருள் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. ஊரிலிருந்து கிளம்புமுன்பே ஒன்றைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது: வாங்கப்போவது ஒரே பொருள், அதுவும் தினம் கையில் புழங்கும் பொருள். அலமாரியில் வைக்க வாங்கிய கூஜா ஆறு மாதத்தில் பரணேறிவிடும். காபித்தூள் போட்டுவைக்கும் தூக்கு அடுக்களையிலேயே இருக்கும்.

எது தேவை என்று முடிவானதும் அது வைக்கப்போகும் இடத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பாத்திரம் கடையில் சின்னதாகத் தெரியும், வீட்டு மேடையில் வைத்தால் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். அளவு டேப், சின்னக் காந்தம், பழைய பருத்தி வேட்டி ஒன்று பையில் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து வெள்ளி பிற்பகல் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் இரவு காரைக்குடியில் இறங்கலாம். திரும்பும் பல்லவன் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். அதனால் ஞாயிறு இரவு இராமேசுவரத்திலிருந்து வரும் வண்டியில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மதுரை, திருச்சிக்காரர்களுக்குச் சுமார் 90 கிலோமீட்டர்தான்.

தங்குவதற்கு, விடுதியாக மாற்றிய பழைய வீடுகள் காரைக்குடியிலும் பக்கத்திலுள்ள கானாடுகாத்தானிலும் கிடைக்கும். அறை பதியும்போது ஒரு கேள்வி அவசியம்: அறைக்கதவு எங்கே திறக்கிறது? வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றிய அறைகள் பார்க்க அழகு. ஆனால் முற்றத்தில் ஒருவர் தும்மினால் எல்லா அறைக்கும் கேட்கும். தனிமை வேண்டுமென்றால் மெத்தையில், அதாவது மாடியில், மூலை அறையாகக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முதல் நாளே ஆள் கணக்குச் சொல்லிவிட வேண்டும். இலைச் சாப்பாடு திடீரென்று கேட்டால் பல இடங்களில் கிடைக்காது.

சனி காலை கடைக்குப் போங்கள். ஞாயிறன்று எல்லாக் கடையும் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. பழம்பொருள் கடைக்கு முன்னால் ஒரு சாதாரணப் பாத்திரக்கடையில் நுழைந்து, புதுப் பித்தளை கிலோ என்ன விலை என்று கேட்டு வைத்துக்கொண்டால் பேரத்துக்கு ஒரு பிடி கிடைக்கும். பழம்பொருள் கடையில் முதல் கேள்வி, "எடைக்கா, உருப்படிக்கா?" முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். ஆளுக்கொன்றாக மனத்தில் குறித்துக்கொண்டு வெளியே வந்து, டீ குடித்தபடி சொல்லிப் பாருங்கள். ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிடலாம். விலை பேசுவது ஒருவர் மட்டும். இன்னொருவர் "ஐயோ, எவ்வளவு அழகு" என்று வாய்விட்டால் விலை இறங்காது.

பார்க்க வேண்டியவை இவை. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். வெண்கலமா என்று அறிய, விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலிக்க வேண்டும். 'டப்' என்று அடங்கினால் கீறல் இருக்கலாம், கீறல் விட்ட வெண்கலம் கீழே விழுந்தால் உடையும். அடிப்பாகத்தில் சாம்பல்நிறத் திட்டு தெரிந்தால் ஓட்டைக்குப் பற்று வைத்திருக்கிறார்கள். பற்றில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் அது சமையலுக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள்மேல் பத்து நிமிடம் வைத்தால் கசிவு தெரிந்துவிடும்.

புதுசைக் கறுப்பேற்றிப் பழசாக்குவதும் உண்டு. உண்மையான பழசு கைபடும் இடங்களில்தான் தேய்ந்திருக்கும்: பிடி, வாய்விளிம்பு, அடிவட்டம். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பெயர்வெட்டையும் பாருங்கள். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வீட்டுச் சாமான்களில் குடும்ப விலாசத்தின் (முன்னோர் பெயர்களின்) முதலெழுத்துகளை உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். அவர்கள் வழக்கில் மணமான தம்பதி சேர்ந்ததே ஒரு 'புள்ளி'. கோயில் வரி அந்தக் கணக்கில்தான். கையில் எடுக்கும் தூக்கு அப்படியொரு புள்ளியின் சீராக வந்ததாக இருக்கலாம்.

மங்குத் தட்டு வாங்கினால் அடியில் முத்திரை தேடுங்கள். ஸ்வீடன், ஜப்பான் முத்திரைகள் அகப்படும். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் 1918க்கும் 1992க்கும் இடைப்பட்டது. அந்தப் பெயரில் நாடு இருந்ததே அப்போதுதான். பழைய எனாமல் நிறங்களில் காரீயம், காட்மியம் இருக்க வாய்ப்புண்டு. பூ வைக்கவோ சாவி போடவோ வைத்துக்கொள்ளுங்கள், சோறு வேண்டாம்.

சாமி சிலையைத் தொடாதீர்கள். எங்கிருந்து எடுத்தது என்று தெரியாமல் வாங்கினால் வழக்கு வீடு தேடி வரும். நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பில் கேட்டு வாங்குங்கள்.

பித்தளையில் சமைப்பதானால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புளிக்குழம்பில் செம்பும் துத்தநாகமும் கரையும். ஈயம் பூசுபவர்கள் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் இழுப்பார்கள். இதில்தான் ஏமாற்று நடக்கும். ஈயக்கட்டியைக் காகிதத்தில் கீறிப் பாருங்கள்: பென்சில்போலக் கறுப்பாகக் கோடு விழுந்தால் அது காரீயம், அதாவது நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் என்பதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் பூச்சு வழிந்துவிடும். தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். தாளிப்பு வேறு கரண்டியில். கிண்டுவதற்கு மர அகப்பை.

மாலையில் ஆட்டோவில் ஆத்தங்குடிக்குப் போகலாம், கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்லுக்குப் பேர்போன ஊர். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்ட் மணல் போட்டு எடுக்கிறார்கள். சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்வது. எட்டங்குலக் கல் இரண்டு வாங்கினால் ஒன்று மேசையில் பாத்திரம் இறக்கவும், ஒன்று குத்துவிளக்கின் கீழும் ஆகும். கல் ஒன்று ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. வண்ணப்பக்கம் எதிரெதிராக, நடுவில் காகிதம் வைத்து, பையில் நிற்கவைத்துக் கட்டுங்கள். படுக்கவைத்தால் நடுவில் விரிசல் விடும். எலுமிச்சைச் சாறோ புளியோ பட்டால் சிமெண்ட் அரித்துக் கறையாகும். ஈரத்துணியால் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்தால் போதும். முதலில் பூக்கும் வெள்ளை உப்பு துடைக்கத் துடைக்கப் போய்விடும்.

ஞாயிறு காலையைச் சும்மா விடுங்கள். கானாடுகாத்தான் தெருக்களில் வெயிலேறுமுன் நடந்தால் போதும்.

வீடு வந்ததும் பித்தளையைப் புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்து, உடனே கழுவித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். புளியை ஊறப்போட்டுவிட்டுச் சீரியல் பார்க்க உட்கார்ந்தால் செந்நிறத் திட்டு விழும். துத்தநாகம் கரைந்து செம்பு மேலே நிற்பதால் வருவது அது, லேசில் போகாது. பச்சைக் களிம்பு கண்டால் முழுக்க எடுத்த பிறகே உணவுப்பொருள் போட வேண்டும். கைப்பிடிக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடுக்கில்தான் அது முதலில் பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் அங்கே போகும்.